வைரம்போல் ஒளிரும் கல்: தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சில சொற்கள்

நகைக்கடைக்குப் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள், பட்டறையில் கல் பதிக்கப் பழகுகிறவர்கள், அடகுக் கடையில் தராசு பிடிக்கத் தொடங்கியவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “பார்த்த உடனே இது வைரமா, ஏ.டி. கல்லா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?” கீரனூர்ப் பக்கம் கல் பட்டை தீட்டும் வீட்டில் பிறந்தேன். புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் நகையில் கல் பதித்தே தலை நரைத்தது. இன்றைக்கும் மூக்குத்தியில் ஏறிவிட்ட ஒரு சின்ன வெள்ளைக் கல்லை வெறும் கண்ணால் பார்த்து ‘வைரம்’ என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்கிறவரை நீங்களும் நம்ப வேண்டாம். நகை வாங்க வருகிறவர் மாதாமாதம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தோடு வருகிறார். கல்லைப் பற்றி அவருக்குத் தெரிந்தது நீங்கள் சொல்வது மட்டும்தான். ஆகவே முதலில் நீங்கள் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

1. மூன்று வகையையும் மனத்தில் தனித்தனியாக வையுங்கள்.

பூமிக்குள் விளைந்த வைரம் முதல் வகை. ஆய்வகத்தில் வளர்த்த வைரம் இரண்டாவது. அதுவும் சுத்தக் கரிமம்தான், கடினத்திலும் ஒளியிலும் எடையிலும் முதல் வகைக்குக் குறைந்ததல்ல. மூன்றாவது, வைரம்போலத் தெரிகிற வேறு கற்கள்: சி.இசட். எனும் ஏ.டி. கல், மொய்சனைட், நிறமில்லாத செயற்கை நீலக்கல், ஸ்பைனல், ஈயம் கலந்த கண்ணாடி. இந்த மூன்றாவது வகை எந்தக் கணக்கிலும் வைரம் ஆகாது.

எங்கள் காலத்தில் குழப்பம் குறைவு. திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் ‘செயற்கை வைரம்’ என்றால் பட்டறையில் பட்டை தீட்டும் கல் என்று எல்லோருக்கும் தெரியும். இன்று அதே சொல்லைச் சூரத்திலிருந்து வரும் ஆய்வக வைரத்துக்கும் சொல்கிறார்கள். ஒன்று சில ரூபாய்க் கல், இன்னொன்று ஆயிரக்கணக்கில் விலை போகிற கல். கடையில் நிற்கும்போது ‘செயற்கை வைரம்’ என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். ஆய்வக வைரம் என்றால் ஆய்வக வைரம், சி.இசட். என்றால் சி.இசட்.

2. ஏ.டி. கல் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அமெரிக்கன் டைமண்டு, ஏ.டி., ஜர்கன் என்று பல பெயரில் புழங்குவது ஒரே பொருள்தான். ஜிர்கோனியம் என்ற உலோகத்தின் ஆக்சைடு. முழுப் பெயர் கியூபிக் ஜிர்கோனியா, சுருக்கமாக சி.இசட். இதை நகைக்கு ஆகும் படிகமாக வளர்க்கும் வழியை 1970-களில் செம்மைப்படுத்தியது மாஸ்கோவில் உள்ள லெபதேவ் இயற்பியல் நிறுவனம். 1976 வாக்கில் நகைச் சந்தைக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள் அதற்கு முன்பிருந்த அத்தனை மாற்றுக் கற்களையும் ஓரங்கட்டிவிட்டது.

அதை உருக்கும் முறை எனக்கு இன்றும் வியப்பு. ஜிர்கோனியா உருக 2,700 டிகிரிக்கும் மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டைத் தாங்கிக் கலப்படம் இல்லாமல் உருக்கித் தரும் பாத்திரம் கிடையாது. ஆகவே செம்புக் குழாய்களை வட்டமாக நிறுத்தி, அவற்றுக்குள் தண்ணீர் ஓடவிட்டு, நடுவில் பொடியைக் கொட்டி ரேடியோ அலையால் சூடாக்குகிறார்கள். நடுப்பகுதி உருகுகிறது. குளிர்ந்த குழாயை ஒட்டிய பொடி உருகாமல் ஓடாக நின்று, உருகியதைத் தாங்குகிறது. பொடியே தனக்குப் பாத்திரம். பிறகு மெல்ல ஆறவிட்டால் படிகம் படிகமாக நிற்கும். இட்ரியம் ஆக்சைடு கொஞ்சம் சேர்க்காவிட்டால் ஆறும்போது படிகத்தின் அமைப்பு மாறி வெடித்துப் போகும்.

இனி நான்கு எண்களை மனப்பாடம் செய்யுங்கள். கடினம்: வைரம் 10, சி.இசட். 8 முதல் 8.5. ஒளிவிலகல் எண்: வைரம் 2.42, சி.இசட். 2.15 முதல் 2.18. ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் அளவு: வைரம் 0.044, சி.இசட். 0.060 பக்கம். அடர்த்தி: வைரம் 3.52, சி.இசட். 5.6 முதல் 6 வரை. வானவில் நிறம் வைரத்தைவிட சி.இசட்.டில் அதிகம் தெறிப்பதும், அது வைரத்தைவிடக் கனப்பதும், நாள்பட மங்குவதும் இந்த எண்களுக்குள்ளேயே இருக்கின்றன. “ரொம்ப ஜொலிக்குதே, அப்ப நல்ல வைரம்தானே?” என்று கேட்கிற வாடிக்கையாளருக்கு, அளவுக்கு மீறிய ஏழு நிறமே சந்தேகத்துக்கு இடம் என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

3. இந்தக் கல்லைப் பட்டை தீட்டிய கைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதில் கொஞ்சம் நீளமாகவே சொல்வேன். கல்லை விற்கத் தெரிந்தவர்கள் பலருக்கு, அது யார் கையால் ஒளி பெற்றது என்று தெரிவதில்லை.

பிரான்சு நாட்டு வேதியியலாளர் ஒகுஸ்த் வெர்னூய் 1902-ல் செயற்கைக் கெம்பு செய்யும் முறையை வெளியிட்டார். அலுமினியம் ஆக்சைடுப் பொடியை ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் எரியும் சுடர் வழியாகச் சொட்டுச் சொட்டாக விழவிட்டால், கீழே ஒரு தண்டின் மேல் அது படிகமாக வளரும். குரோமியம் சேர்த்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் சேர்த்தால் நீலம். ஒன்றும் சேர்க்காவிட்டால் வெள்ளை. சுவிட்சர்லாந்தின் மோந்தே ஊரில் 1914-ல் தொடங்கிய ஜெவாஹிர்ஜியான் ஆலை இந்தக் கற்களுக்கு உலகப் பெயர் பெற்றது. சுவிட்சர்லாந்திலிருந்து மூலக்கல் கப்பலில் வந்து, திருச்சியிலும் அதை ஒட்டிய நம் மாவட்டத்து வடபகுதிக் கிராமங்களிலும் பட்டை தீட்டப்பட்டது. பின்னால் சி.இசட். வந்தபோது பழகிய அதே கைகள் அதையும் எடுத்துக்கொண்டன. மழை பொய்த்தால் வயலில் வேலை இல்லாத ஊர்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அடுப்பெரித்தது இந்தத் தொழில்.

வேலை இப்படி நடக்கும். மூலக்கல்லை அறுத்துத் துண்டாக்கி, ஓரத்தைத் தேய்த்து வட்டமாக்குவார்கள். குச்சி முனையில் அரக்கை இளக்கி அதில் கல்லை ஒட்டுவார்கள். குச்சியைக் கோணம் பிடித்துச் சுழலும் தட்டில் வைத்தால் ஒரு பட்டை. வட்டக் கல்லுக்கு மேல்பக்கம் 33 பட்டை, கீழ்ப்பக்கம் 24, ஆக 57. மேல்பக்கம் முடிந்ததும் அரக்கைச் சூடாக்கிக் கல்லைப் புரட்டி ஒட்டிக் கீழ்ப்பக்கம் தொடங்க வேண்டும். புரட்டும்போது நடு விலகினால் மேல் பட்டையும் கீழ்ப் பட்டையும் பொருந்தாது. இரண்டு மில்லிமீட்டர் கல்லில் இத்தனையும் நடக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். வைரத்துக்கு மேல்கோணம் 34.5 டிகிரி, அடிக்கோணம் 40.75 என்று 1919-ல் மார்செல் டோல்கோவ்ஸ்கி கணக்குப் போட்டுக் கொடுத்தார். சி.இசட்.டுக்கு ஒளிவிலகல் குறைவு. அடிக்கோணத்தைச் சற்றுக் கூட்டினால்தான் ஒளி கீழே ஒழுகாமல் திரும்பி வரும். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு டோல்கோவ்ஸ்கி யாரென்று தெரியாது. கோணம் விரலுக்குத் தெரிந்திருந்தது.

பெண்கள் என்று சொன்னேன். 1990-களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்த இயக்கம் அது. அப்போது சைக்கிள் பழகியவர்களில் கல்லுடைக்கும் பெண்கள், கிராமச் செவிலியர், ஆசிரியைகளோடு பட்டை தீட்டும் பெண்களும் இருந்ததை பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். கல் கொடுக்கும் தரகர் வீட்டுக்கு வரும்வரை காத்திருந்த பெண்கள் தாங்களே போய்க் கல் வாங்கி, செய்ததைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குச் சைக்கிள் எவ்வளவு பெரிய உதவி என்பதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

தொழிலின் இருண்ட பக்கத்தையும் மறைக்க மாட்டேன். முன்பணம் வாங்கியதற்காக ஒரே முதலாளியிடம் ஆண்டுக்கணக்கில் கட்டுண்டு கிடந்த குடும்பங்கள் உண்டு. பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் குச்சி பிடித்த பிள்ளைகளும் உண்டு. 1986-ஆம் ஆண்டு குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்ட வேலைகளின் பட்டியலில் கல் வெட்டிப் பட்டை தீட்டுவது இடம்பெற்றது சும்மா அல்ல. நுண்ணிய பொடி மூச்சில் போகும், கண் கெடும், முதுகு வளையும். நீங்கள் நாளைக்குப் பட்டறை வைத்தால் பெரியவர்களை மட்டும் வேலைக்கு வையுங்கள். நல்ல வெளிச்சமும் மூக்குக்குத் துணியும் கொடுங்கள். கூலியை அன்றன்றே கணக்குப் பாருங்கள்.

பிறகு சீனாவின் வூஜோ நகரிலிருந்து இயந்திரத்தில் தீட்டிய சி.இசட். மூட்டை மூட்டையாக வந்தது. ஒரே அளவு, ஒரே கோணம், விலையோ நம் கூலியைவிடக் குறைவு. எத்தனையோ தட்டுகள் நின்றுபோயின. பழைய நகையில் விழுந்துபோன ஒரு கல்லுக்குப் பதிலாக அதே அளவில், அதே பட்டையில் ஒன்றே ஒன்று வேண்டும் என்றால் இன்றும் கைவேலைக்காரரிடம்தான் போக வேண்டும். அவர்கள் இருக்கும் இடத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. லூப் இல்லாமல் பேசாதீர்கள்.

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லூப் ஒன்றை முதல் சம்பளத்திலேயே வாங்கிவிடுங்கள். கல்லைத் துடைத்து, லூப்பைக் கண்ணோடு ஒட்டி, கல்லை லூப்புக்கு அருகில் கொண்டுவாருங்கள். முதலில் பட்டையின் விளிம்பைப் பாருங்கள். வைரத்தில் விளிம்பு கத்திபோலக் கூராக இருக்கும். சி.இசட்.டில், அதுவும் அணிந்து பழசானதில், விளிம்பு மழுங்கி வழவழப்பாகத் தெரியும். மேல்தளத்தில் கீறல்களும் இருக்கும்.

அடுத்து, கல்லைச் சாய்த்து மேல் பட்டை வழியாக அடிப்பக்க விளிம்புகளைப் பாருங்கள். ஒவ்வொரு கோடும் இரட்டையாகத் தெரிந்தால் அது வைரமல்ல, பெரும்பாலும் மொய்சனைட். நேராக மேலிருந்து பார்த்தால் இரட்டை தெரியாமல் போகலாம், அதனால்தான் சாய்க்கச் சொல்கிறேன். மொய்சனைட் என்பது சிலிக்கன் கார்பைடு. அமெரிக்காவின் அரிசோனாவில் விழுந்த விண்கல்லில் 1893-ல் ஆன்றி மொய்சான் இதைக் கண்டார். 1998 முதல் வட கரோலினாவின் ஒரு நிறுவனம் ஆலையில் வளர்த்து நகைக்கு விற்றது. அமெரிக்கக் காப்புரிமை 2015-ல் முடிந்த பிறகு மற்ற நாட்டவரும் செய்யத் தொடங்கி, விலை இறங்கி, இப்போது நம் ஊர்க் கடை வரைக்கும் வந்துவிட்டது. கடினம் 9.25. வானவில் சிதறல் வைரத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். நல்ல கல், நல்ல உழைப்புத் தாங்கும். மொய்சனைட் என்று சொல்லி விற்றால் அதில் ஒரு குற்றமும் இல்லை.

கடைசியாக உள்ளே பாருங்கள். சிலப்பதிகாரம் மதுரையின் மணிக்கடைத் தெருவைச் சொல்லும் இடத்தில் வைரத்தின் நான்கு குற்றங்களைப் பட்டியலிடுகிறது. வைரத்தில் கீற்றும் புள்ளியும் கறையும் கோடும் தேடுகிற பழக்கம் நம்மவர்களுக்கு அன்றிலிருந்தே உண்டு. இன்றும் வைரத்தோடு வாங்குகிறவர் ‘தோஷம்’ பார்க்காமல் வாங்குவதில்லை. சி.இசட்.டில் அந்தக் குற்றம் எதுவும் அநேகமாக இருக்காது. பெரிய கல், துளிப் புள்ளி இல்லை, நீரோட்டம் பளிச்சென்று இருக்கிறது, விலையும் மலிவு என்றால் மகிழ்ச்சியடைவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

பதிக்காத வட்டக் கல்லுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. அச்சடித்த தாளின் மேல் கல்லைத் தலைகீழாக வைத்து உள்ளே பாருங்கள். நன்றாக வெட்டிய வைரத்தின் வழியே எழுத்து தெரியாது. கண்ணாடியில் தெளிவாகத் தெரியும், சி.இசட்.டில் கொஞ்சம் தெரியும். மொய்சனைட் இந்தச் சோதனையில் தப்பிவிடும். ஆகவே எழுத்து தெரிந்தால் வைரம் என்ற பேச்சை விடலாம். தெரியாவிட்டால் வைரம் என்று முடிவு கட்டக் கூடாது. கல்லின்மேல் மூச்சை ஊதி, படிந்த மங்கல் எவ்வளவு சீக்கிரம் மறைகிறது என்று பார்ப்பதும் இதே கணக்கில்தான் வரும்.

5. தராசைக் கேளுங்கள்.

ஒரு காரட் 200 மில்லிகிராம். 6.5 மில்லிமீட்டர் வட்ட வைரம் ஏறக்குறைய ஒரு காரட் இருக்கும். அதே அளவு சி.இசட். 1.6, 1.7 காரட் இருக்கும். பதிக்காத கல்லாக இருந்தால் அளவையும் எடையையும் வைத்தே சி.இசட்.டை ஒதுக்கிவிடலாம். மொய்சனைட் வைரத்தைவிடச் சற்று இலேசு; அதன் அடர்த்தி 3.22. கொஞ்சமான வித்தியாசம் என்பதால் சிறு கல்லில் தராசு உங்களைக் காப்பாற்றாது.

6. சூட்டுக் கருவி சொல்வது பாதிப் பதில்.

பேனா வடிவில் ‘டைமண்டு டெஸ்டர்’ கடைதோறும் இருக்கிறது. வைரம் சூட்டைக் கடத்துவதில் செம்பையே பல மடங்கு மிஞ்சும். சி.இசட். சூட்டைக் கடத்தவே கடத்தாது என்று சொல்லலாம். அதனால் வைரத்தையும் சி.இசட்.டையும் இந்தக் கருவி நன்றாகப் பிரிக்கும். மொய்சனைட்டும் சூட்டை நன்றாகக் கடத்துவதால் அதையும் ‘வைரம்’ என்றே காட்டும். இந்த ஓட்டையில்தான் மாவட்டமெங்கும் அடகுக் கடைகள் ஏமாறுகின்றன. சூட்டோடு மின்சாரத்தையும் சோதிக்கும் இரட்டைக் கருவி வாங்குங்கள். ஆய்வக வைரமோ இந்த இரண்டு சோதனையிலும் வைரமாகவே தேறும், ஏனென்றால் அது வைரம்தான்.

கருவியைப் பிடிப்பதிலும் முறை உண்டு. கல்லில் எண்ணெயும் மஞ்சளும் சந்தனமும் இல்லாமல் துடையுங்கள். முனையை மேல்தளத்தில் நேராக வையுங்கள். பக்கத்துத் தங்கத்தில் பட்டால் தவறாகக் கூவும். கல் அறையின் வெப்பத்துக்கு வந்திருக்க வேண்டும். சிறிய கல்லை ஒருமுறை சோதித்தால் ஆறவிட்டு மறுபடி சோதியுங்கள். பேட்டரி இறங்கியிருந்தால் அந்தக் கருவி சொல்வதை ஏற்காதீர்கள். எட்டுக்கல் பேசரியில் ஒரு கல்லை மட்டும் தொட்டுவிட்டு எட்டும் வைரம் என்று எழுதிவிடாதீர்கள். எட்டையும் தனித்தனியே தொட வேண்டும்.

7. கீறிப் பார்க்காதீர்கள்.

வைரம் கண்ணாடியைக் கீறும், சி.இசட்.டும் கீறும், குவார்ட்ஸ்கூடக் கீறும். அதனால் ஒன்றும் நிரூபணமாகாது. சுத்தியல் சோதனை என்று யாராவது சொன்னால் அவரை வாசலோடு அனுப்புங்கள். வைரத்துக்குப் பிளவுத் தளங்கள் உண்டு. தட்டினால் நல்ல வைரமும் இரண்டாகும்.

8. பழைய நகையைக் கையில் எடுக்கும்போது நிதானம் வேண்டும்.

ராங்கியம், கோனாப்பட்டு, ராயவரம், அரிமளம், கடியாபட்டி என்று நம் மாவட்டத்திலேயே செட்டிநாட்டு ஊர்கள் இருக்கின்றன. அந்த வீடுகளிலிருந்து வரும் வைரத்தோடும் கண்டசரமும் ‘புளூ ஜாகர்’ என்று சொல்லித்தான் வரும். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்து நீலச்சாயல் வைரத்துக்கு வந்த பெயர் அது. அந்தச் சுரங்கம் மூடிப் பல காலம் ஆகிவிட்டது, பெயர் மட்டும் எல்லா நல்ல வைரத்துக்கும் ஒட்டிக்கொண்டது. நகையோடு வரும் கதையை மரியாதையாகக் கேளுங்கள். அதன் பிறகு லூப்பை எடுங்கள்.

சி.இசட். வருவதற்கு முன்பும் மாற்றுக் கல் இருந்தது. வெர்னூய் முறையில் செய்த வெள்ளை நீலக்கல், ஸ்பைனல், 1950-களில் ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட், பிறகு யாக் எனும் கார்னெட் என ஒவ்வொன்றும் தன் காலத்தில் வைரத்தின் இடத்தில் உட்கார்ந்தது. நகை எந்தக் காலத்தது என்று தெரிந்தால் எந்த மாற்றுக் கல் இருக்கக்கூடும் என்று ஊகிக்கலாம். 1960-ல் செய்த தோட்டில் சி.இசட். இருந்தால், பின்னால் யாரோ கல்லை மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள்.

இலங்கைத் தொடர்புள்ள குடும்பங்களில் ‘மாத்தறை வைரம்’ வரும். அது தென்னிலங்கையின் மாத்தறைப் பகுதியில் கிடைக்கும் நிறமற்ற ஜிர்கான் என்ற இயற்கைக் கல். சி.இசட்.டுக்கும் அதற்கும் பெயரில் ஒற்றுமை இருக்கிறது, பொருள் வேறு. மொய்சனைட்டில் தெரிவதுபோல அதிலும் அடிப்பக்கக் கோடுகள் இரட்டையாகத் தெரியும், பட்டை விளிம்புகள் பொரிந்திருக்கும். அதை மட்டமாகப் பேசாதீர்கள். இயற்கைக் கல்லுக்குரிய மதிப்பு அதற்கு உண்டு.

பின்பக்கம் மூடிக் கட்டிய பழைய நகையில் கல்லுக்கு அடியில் மினுக்குத் தாள் இருக்கலாம். தாள் வைத்தால் சாதாரணக் கண்ணாடியும் ஒளி வீசும். அத்தகைய நகையைத் தண்ணீரிலோ சோப்பு நுரையிலோ முக்காதீர்கள். ஈரம் புகுந்தால் தாள் கறுத்து, நூறு வருட நகை ஒரே நாளில் செத்துவிடும்.

சோதித்து முடித்ததும் பதிலை எப்படிச் சொல்வது என்பதும் தொழில்தான். பாட்டி கொடுத்த தோடு வைரமில்லை என்று ஒரு பெண்ணிடம் சொல்ல வேண்டி வரும். கடையில் நாலு பேர் கேட்க ‘டூப்ளிகேட்’ என்று சொல்லிவிடாதீர்கள். உள்ளே உட்காரவைத்து, என்ன கல், எந்தக் காலத்தது, தங்கத்துக்கு என்ன மதிப்பு என்று எடுத்துச் சொல்லுங்கள்.

9. ஊதுகுழலுக்கு முன் கல்லைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பட்டறைப் பிள்ளைகளுக்கு இது. வைரம் கரிமம், காற்றில் அதிகச் சூடு பட்டால் மேற்பரப்பு எரிந்து பால்போல மங்கும். பற்றவைக்கும் முன் போரிக் அமிலக் கரைசலில் நனைத்து மேலே ஒரு படலம் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். சி.இசட். சூட்டைத் தாங்கும், மெழுகில் கல்லைப் பதித்து அப்படியே தங்கம் ஊற்றி வார்ப்பதும் அதனால்தான் முடிகிறது. ஆனால் சூடாக இருக்கும்போது தண்ணீரில் போட்டால் விரிசல் விடும். எந்தக் கல்லானாலும் தானாக ஆற விடுங்கள்.

10. ஆய்வக வைரத்துக்கு அஞ்சவும் வேண்டாம், அதை மறைக்கவும் வேண்டாம்.

1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் டிரேசி ஹால் உயர் அழுத்தத்திலும் உயர் வெப்பத்திலும் வைரம் செய்து காட்டினார். இப்போது மீத்தேன், ஹைட்ரஜன் வாயுக்களிலிருந்து படலம் படலமாக வளர்க்கும் சி.வி.டி. முறையும் வந்துவிட்டது. 2023-24 மத்திய பட்ஜெட்டில் இதற்கான விதைக் கல்லின் சுங்க வரி நீக்கப்பட்டது. ஆராய்ச்சிக்காக ஐந்து ஆண்டுகளுக்குச் சுமார் 242 கோடி ரூபாய் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஒதுக்கப்பட்டது. நம் மாநிலத்திலேயே இந்த ஆராய்ச்சி நடக்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சி. நம் பிள்ளைகள் அங்கே போய்ப் படிக்க வேண்டும்.

ஆய்வக வைரத்தைப் பூமி வைரத்திலிருந்து லூப்பாலோ டெஸ்டராலோ பிரிக்க முடியாது. ஆய்வுக்கூடச் சான்றிதழும், கல்லின் இடைவிளிம்பில் லேசரால் பொறித்த எண்ணும்தான் வழி. சான்றிதழில் உள்ள எண்ணும் கல்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பெருக்கிக் காட்டிப் பாருங்கள். திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் பல ஆண்டுகள் வைரத்தை ஆராய்ந்தவர். 1928-ல் அவர் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவு இன்று ரத்தின ஆய்வுக்கூடங்களில் அன்றாடக் கருவி. வைரம் 1332 என்ற இடத்தில் ஒற்றைக் கோடு காட்டும், சி.இசட்.டும் மொய்சனைட்டும் அந்தக் கோட்டைக் காட்டா. நம் பக்கத்து ஊரில் பிறந்தவர் கண்டறிந்ததை வைத்து உலகம் வைரம் பார்க்கிறது, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னஞ்சிறு கற்களைப் பொட்டலமாக வாங்கும்போது கவனம் அதிகம் வேண்டும். பூமி வைரத்தோடு ஆய்வக வைரத்தைக் கலந்து விற்பது தொழிலில் நடக்கிறது. சோதித்துத் தரும் வியாபாரியிடம் வாங்குங்கள், எழுதி வாங்குங்கள்.

விலையைப் பற்றியும் உண்மையைச் சொல்லுங்கள். ஆய்வக வைரத்தின் விலை சில ஆண்டுகளில் பெரிதும் இறங்கிவிட்டது, இன்னும் இறங்கலாம். மகளுக்குச் சேர்த்து வைக்கும் சொத்து என்று நினைத்து வாங்குகிறவரிடம் இதை மறைப்பது பாவம். சி.இசட். என்றால் திரும்பக் கொண்டுவரும்போது கல்லுக்குப் பைசா கிடையாது என்பதை வாங்கும் அன்றே சொல்லிவிட வேண்டும்.

11. கல் எடையைத் தங்க எடையில் ஏற்றாதீர்கள்.

பூமி வைரத்தை ஒருவர் வாங்குவதற்குள் நூறு பேர் சி.இசட். பதித்த தங்க நகை வாங்கிவிடுவார்கள். பெரிய அநியாயம் நடப்பது இங்கேதான். சி.இசட். கனமான கல் என்று சொன்னேன் அல்லவா? 6.5 மில்லிமீட்டர் கல் பத்து இருந்தால் மூன்று கிராமுக்கு மேல் போகும். எட்டு கிராம் ஒரு பவுன். கல்லோடு சேர்த்து நிறுத்துத் தங்க விலை போட்டால், சில ரூபாய்க் கல்லுக்கு வாடிக்கையாளர் அரைப் பவுனுக்குச் சற்றுக் குறைந்த தங்கத்தின் விலையைக் கொடுக்கிறார். கல்லைப் பற்றி ஒரு பொய்கூடச் சொல்லாமலேயே நடக்கும் ஏமாற்று இது.

ஹால்மார்க் நகைக்கான பில்லில் தங்கத்தின் நிகர எடை, தூய்மை, ஹால்மார்க் கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனியே காட்ட வேண்டும் என்பது விதி. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையை ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண்ணோடுதான் விற்க வேண்டும். அந்த எண் தங்கத்தின் தரத்துக்குத்தான் சாட்சி. கல் என்ன கல் என்பதற்கு அது சாட்சியல்ல. ‘ஹால்மார்க் இருக்கு, கல்லும் ஒரிஜினல்தான்’ என்று சொல்லி விற்காதீர்கள். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. மூக்குத்தியும் சின்னத் தோடும் பெரும்பாலும் இந்த எடைக்குள் வந்துவிடும். அவற்றை வாங்க வரும் ஏழைப் பெண்ணுக்கு உங்கள் பில்லைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

பில்லில் ‘வெள்ளைக் கல்’ என்று மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். சி.இசட்., மொய்சனைட், ஆய்வக வைரம், இயற்கை வைரம் என்று கல்லின் பெயரை எழுதுங்கள். எத்தனை கல், கல்லின் எடை எவ்வளவு, கல் கழித்துத் தங்கம் எவ்வளவு, திரும்ப எடுக்கும்போது எதற்கு விலை உண்டு, எதற்கு இல்லை என்பதையும் எழுதி, வாங்கும் பெண்ணிடம் ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டுக் கையில் கொடுங்கள்.